பான் செயலகத்தின் உமிழ்வுத் தரவுச் சேவை: புதிய எண் கிடைக்கிறது, அது எந்தப் பதிப்பு என்பது கிடைக்கிறதா?

ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்ற உடன்படிக்கையின் செயலகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. நாடுகள் தங்கள் பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணக்கிட்டு அனுப்பும் கணக்கேடுகளும், அவற்றின் மேல் நிபுணர் குழுக்கள் எழுதும் மதிப்பாய்வு அறிக்கைகளும் அங்கேதான் சேர்கின்றன. சேர்ந்ததை எவரும் கட்டணமின்றி இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். நாடுகள் சொல்வதையும் மதிப்பாய்வாளர்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் குறிப்பு எழுதுவது என் தொழில் என்பதால், எட்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாட்களாவது இந்தச் சேவையைத் திறக்கிறேன். இதைப் பற்றி வந்த பாராட்டுகளும் குறைகளும் பெரும்பாலும் தோற்றத்தையும் வேகத்தையும் பற்றியவை. எனக்கு அவை இரண்டாம்பட்சம். ஒரு நாட்டின் அறிக்கையைச் சரிபார்க்க உட்காருபவருக்கு அன்றைய தேதியில் உள்ள ஆகப் புதிய கணக்கை இது தருகிறதா, தந்தால் அது எந்தப் பதிப்பு என்பதையும் கூடவே சொல்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சேவைக்குள் நுழைய மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது கேள்விப் பக்கம்: நாடு, ஆண்டு, வாயு, துறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்து நிற்கும். இரண்டாவது, ஒவ்வொரு நாடும் அனுப்பிய எக்செல் கோப்புகளும் அவற்றை விளக்கும் தேசியக் கணக்கேட்டு ஆவணமும் அடுக்கப்பட்டுள்ள பக்கம். மூன்றாவது, மதிப்பாய்வு அறிக்கைகள். புதிதாக வருபவர்கள் முதல் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வேலைக்கு உதவுவது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

முதலில் நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், இல்லையெனில் இங்கே கிடைக்கும் எல்லா எண்ணும் குழப்பும். உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ள வளர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-க்குள் கணக்கேட்டை அனுப்ப வேண்டும். அதில் 1990 முதல், அனுப்பும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய ஆண்டு வரையிலான கணக்கு இருக்கும். ஆகவே 2023-இல் வந்த கணக்கேட்டில் கடைசி ஆண்டு 2021. எரிபொருள் விற்பனை, மின்னுற்பத்தி, கால்நடை எண்ணிக்கை, உரப் பயன்பாடு போன்ற அடிப்படைப் புள்ளிவிவரங்கள் முடிவாகி வரவே ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இந்த இடைவெளியைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஆனால் "2023 தரவு" என்று ஒருவர் சொன்னால் அது 2023-இல் வெளியான உமிழ்வா, 2023-இல் அனுப்பிய கணக்கா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. செய்தித்தாள்களில் மட்டுமல்லாமல், நாங்கள் எங்களுக்குள் பேசும்போதும் இந்தத் தடுமாற்றம் உண்டு.

எக்செல் கோப்பின் பெயரிலேயே இதற்கான விடை இருக்கிறது என்பதைச் சேவையின் நல்ல குணமாகச் சொல்வேன். பல ஆண்டுகள் வழக்கில் இருந்த முறையில், கோப்பின் பெயர் நாட்டின் மூன்றெழுத்துக் குறியில் தொடங்கும். அடுத்து அனுப்பிய ஆண்டு, அதற்கடுத்து கணக்கு ஆண்டு, பிறகு கோப்பு உருவான தேதியும் நேரமும். ஒவ்வொரு கணக்கு ஆண்டுக்கும் தனிக் கோப்பு. 1990 முதல் 2021 வரை என்றால் ஒரே நாட்டுக்கு 32 கோப்புகள் ஒரு சுருக்கப் பொதியில் வந்து இறங்கும். 2023, 2021 என்று இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து மிரளுபவர்கள் பலர். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2024 முதல் பயன்பாட்டுக்கு வந்த புதிய அறிக்கைக் கருவியில் பதிப்பு எண்ணும் கோப்புப் பெயரிலேயே ஏறியிருக்கிறது. பெரிய விளம்பரம் இல்லாமல் நடந்த சின்ன மாற்றம். எனக்கு அது மணிக்கணக்கான வேலையை மிச்சப்படுத்துகிறது.

தேதிக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்பதற்கு என் சொந்தத் தவறே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஐரோப்பிய நாட்டின் அறிக்கையைக் கணக்கேட்டோடு ஒப்பிடும் வேலையில், ஏப்ரலில் இறக்கி வைத்திருந்த பொதியையே ஜூனில் எடுத்துப் பயன்படுத்தினேன். இடையில் அந்த நாடு திருத்திய கணக்கேட்டை மறுபடி அனுப்பியிருந்தது. என் மொத்தத் தொகைக்கும் சக ஊழியரின் மொத்தத் தொகைக்கும் கழிவுத் துறையில் மட்டும் சிறு வித்தியாசம் வந்தது. சூத்திரத்தில் பிழை என்று நினைத்து இரண்டு நாட்கள் தேடினேன். கடைசியில் இருவரும் கோப்புப் பெயர்களை உரக்கப் படித்தபோதுதான், எனது மார்ச் மாதக் கோப்பு, அவருடையது மே மாதக் கோப்பு என்று தெரிந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எந்த அட்டவணையின் தலைப்பிலும் கணக்கு ஆண்டு, அனுப்பிய ஆண்டு, பதிப்பின் தேதி ஆகிய மூன்றையும் எழுதாமல் விடுவதில்லை.

இந்த மூன்றும் ஏன் அவசியம் என்றால், கணக்கேட்டில் கடந்த காலமும் மாறும். ஒரு நாடு கணக்கிடும் முறையைத் திருத்தினால், 1990 வரை பின்னோக்கிப் போய் முழுத் தொடரையும் புதிய முறையில் கணக்கிட்டாக வேண்டும். அப்படிச் செய்தால்தான் ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். பிரிட்டன் 2021-இல் அனுப்பிய கணக்கேட்டில் சதுப்புக் கரிநிலங்களிலிருந்து வெளியாகும் வாயுக்களை முழுமையாகச் சேர்த்தது. அதுவரை உமிழ்வைவிட உறிஞ்சல் மிகுந்ததாகக் காட்டப்பட்டு வந்த நிலப் பயன்பாட்டுத் துறை, அந்த ஒரு திருத்தத்தால் நிகர உமிழ்வுத் துறையாக மாறிவிட்டது. ஜெர்மனியில் 2024 அக்டோபரில் வெளியான நான்காவது தேசியக் காடுகள் கணக்கெடுப்பு, 2017 முதல் அந்நாட்டுக் காடுகளின் கார்பன் இருப்பு 41.5 மில்லியன் டன் குறைந்திருப்பதைக் காட்டியது. வறட்சியும் புயலும் பட்டை வண்டுகளும் தின்ற மரங்களின் கணக்கு அது. அடுத்து வந்த கணக்கேட்டில் முந்தைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்பட்டன. முந்தின ஆண்டுக் கணக்கேட்டை வைத்து அந்த நாட்டின் காடுகளைப் புகழ்ந்து எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதியது இன்று நிற்காது.

அளவுகோலே மாறுவது இன்னொரு வகை. மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றும் பெருக்கல் எண், நூறாண்டுக் கணக்கில், ஐ.பி.சி.சி. என்னும் ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் இரண்டாம் மதிப்பீட்டில் 21, நான்காம் மதிப்பீட்டில் 25, ஐந்தாம் மதிப்பீட்டில் 28. வளர்ந்த நாடுகளின் கணக்கேடுகள் 2015 முதல் 25-க்கு மாறின. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வரும் அறிக்கைகளுக்கு 28 என்று வகுக்கப்பட்டது. ஒரு நாட்டின் மாடுகளும் நெல்வயல்களும் குப்பைமேடுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் மீத்தேன் வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கூடவோ குறையவோ இல்லாமலேயே, அது மூன்று அறிக்கைகளில் 21, 25, 28 மில்லியன் டன்னாக ஏறும். நைட்ரஸ் ஆக்சைடுக்கோ 310, 298, 265 என்று இறங்கும். ஆகவே கால்நடை மிகுந்த நாட்டின் மொத்தம் ஏறுவதும், உரப் பயன்பாடு மிகுந்த நாட்டின் மொத்தம் இறங்குவதும் வெறும் அளவுகோல் மாற்றத்தால் நிகழக்கூடும். இந்தக் காரணத்தால்தான் பழைய அறிக்கையிலிருந்து ஓர் ஆண்டையும் புதிய அறிக்கையிலிருந்து ஓர் ஆண்டையும் எடுத்துக் கோடு போடுபவரைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

இப்போது கேள்விப் பக்கத்துக்கு வருகிறேன். எளிமையில் இதற்கு இணையான அரசுசார் தரவுப் பக்கம் குறைவு. வளர்ந்த நாடு ஒன்றின் சிமெண்ட் உற்பத்தி உமிழ்வை 1990 முதல் கடைசி ஆண்டு வரை எடுக்க இரண்டு நிமிடம் போதும். நாடு அனுப்பியதை அனுப்பியபடியே காட்டுகிறோம் என்று அந்தப் பக்கம் சொல்லிவிடுகிறது. அதுவும் நேர்மையான அறிவிப்பு. குறை எங்கே என்றால், ஒரு நாட்டுக்கு ஒரு தலைப்பில் ஒரே ஒரு தொடரைத்தான் அது நீட்டுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன்பு இதே ஆண்டுக்கு இந்த நாடு என்ன எண் சொன்னது, திருத்தத்தால் எவ்வளவு நகர்ந்தது என்பதை அங்கே கேட்க வழியில்லை. நிலம் வாங்குகிறவர் நேற்று வரைக்கும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். கூடவே மூலப் பத்திரத்தையும் கேட்பார். கேள்விப் பக்கத்தில் முதலாவது கிடைக்கிறது. இரண்டாவதைத் தேடி, இரண்டாம் வாசல் வழியாகப் போய், பழைய பொதிகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

இறக்கியவருக்குப் பலன் உண்டு. கோப்பில் எட்டாம் அட்டவணை மறுகணக்கீட்டுக்கானது: முந்தைய கணக்கேட்டில் இருந்த எண், இப்போதைய எண், இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் ஆகியவை துறைவாரியாக வரிசையில் நிற்கும். பத்தாம் அட்டவணை முழுக் காலத்தொடரைக் காட்டும். மதிப்பாய்வு வேலைக்கு வரும் இளையவர்களிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது இவை இரண்டையும்தான். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்துகள் இருப்பதையும் கவனிக்கச் சொல்வேன். என்.ஓ. என்றால் அந்த நாட்டில் அந்தச் செயலே நடக்கவில்லை, என்.இ. என்றால் நடக்கிறது, ஆனால் கணக்கிடப்படவில்லை, ஐ.இ. என்றால் வேறொரு தலைப்பில் சேர்த்துக் கணக்கிடப்பட்டுள்ளது. சி என்றால் ரகசியம். பாரிஸ் ஒப்பந்த அட்டவணைகளில் எஃப்.எக்ஸ். என்ற குறியும் சேர்ந்திருக்கிறது. வளரும் நாடு ஒன்று தனக்குத் தரப்பட்ட நெகிழ்வை, அதாவது விதித் தளர்வைப் பயன்படுத்திக்கொண்டது என்பது அதன் பொருள். என்.இ. இருந்த கட்டத்தில் அடுத்த ஆண்டு எண் வந்தால், மொத்தம் ஏறும். அந்த ஏற்றத்தை உமிழ்வு கூடியதாகப் படிப்பது, கணக்கைச் செம்மைப்படுத்திய நாட்டைத் தண்டிப்பதற்குச் சமம்.

மூன்றாம் வாசலில் இருப்பதைத்தான் நான் இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். மதிப்பாய்வுக் குழுவில் பல நாடுகளின் நிபுணர்கள் இருப்பார்கள். தலைமை மதிப்பாய்வாளர் இருவரில் ஒருவர் வளர்ந்த நாட்டவர், மற்றவர் வளரும் நாட்டவர். தம் சொந்த நாட்டை எவரும் ஆய்வதில்லை. அவர்கள் எழுதும் அறிக்கையின் மொழி வறண்டது. ஆனால் வளர்ந்த நாடுகளின் ஈராண்டு அறிக்கைகள் மீதான மதிப்பாய்வுகளில், உமிழ்வுப் போக்கைச் சொல்லும் பத்திக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு வரும். இந்தப் பத்தியின் எண்கள் இன்ன ஆண்டு அனுப்பிய கணக்கேட்டின் இத்தனையாவது பதிப்பிலிருந்து கணக்கிடப்பட்டவை, அந்தக் கணக்கேடு இன்னும் மதிப்பாய்வுக்கு உட்படவில்லை, மற்ற அத்தியாயங்களின் எண்கள் நாடு தன் அறிக்கையோடு கொடுத்த அட்டவணைகளிலிருந்து வந்தவை என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கும். நான்கு வரிதான். ஆனால் புதிய எண் எது, சரிபார்த்த எண் எது, நாடு சொன்ன எண் எது என்ற மூன்றையும் பிரித்துக் காட்டுகிற அந்த நான்கு வரிகளுக்காகவே முழு அறிக்கையையும் இறக்கலாம்.

இந்தத் தொழிலின் உண்மையான சங்கடம் அங்கேதான் இருக்கிறது. ஆகப் புதிய கணக்கை யாரும் இன்னும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். சரிபார்த்த கணக்கு பழையதாகியிருக்கும். மதிப்பாய்வாளர் நாட்டின் அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால், இதற்குள் அந்த நாடே திருத்திவிட்ட தவறைச் சுட்டிக்காட்டி நேரத்தை வீணாக்குவார். புதிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலோ, நாடு கையொப்பமிட்டு அனுப்பிய அறிக்கையைத் தவிர்த்து வேறொன்றை ஆய்ந்தவராவார். இரண்டையும் வைத்துக்கொண்டு வித்தியாசத்தைச் சொல்வதே முறை என்பது என் கருத்து. அந்த அடிக்குறிப்பு செய்வதும் அதுவே.

பாரிஸ் ஒப்பந்தத்தின் புதிய முறையில் இந்தச் சங்கடம் குறையும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். முதல் ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கைக்குக் கெடு 2024 டிசம்பர் 31. வளர்ந்த நாடுகள் அதில் 2022 வரையிலான கணக்கைத் தர வேண்டும். நெகிழ்வு தேவைப்படும் வளரும் நாடுகள் 2021 வரை தந்தால் போதும். சரி, ஆனால் வளர்ந்த நாடுகளின் ஏப்ரல் 15 கடமை அப்படியே தொடர்கிறது. டிசம்பரில் 2022 வரையிலான கணக்கு, நான்கே மாதத்தில் 2023 வரையிலான கணக்கு. அறிக்கையை ஆய நிபுணர் குழு அதற்குப் பிறகு கூடினால் மேசையில் இரண்டு கணக்கேடுகள் இருக்கும். அறிக்கை வராத இடையாண்டுகளில் கணக்கேட்டுக்கு எளிமையாக்கப்பட்ட மதிப்பாய்வு மட்டுமே நடக்கும். முழுமையும் முரணின்மையும் இருக்கிறதா என்று செயலகம் பார்க்கும், ஆழமான கேள்விகள் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். நிபுணர் பற்றாக்குறையை நினைத்தால் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சரிபார்க்காத புதிய எண்களின் பங்கு இனிக் கூடும் என்பதால், அந்த அடிக்குறிப்பின் தேவையும் கூடுகிறது.

இந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர் கேட்பார். வளரும் நாடு என்பதால் ஆண்டுக் கணக்கேடு இதுவரை கடமையாக இல்லை. 2004 முதல் 2024 வரை இந்தியா அனுப்பிய அறிக்கைகளில் முதன்மையாகக் கணக்கிட்ட ஆண்டுகள் 1994, 2000, 2010, 2014, 2016, 2019, 2020. நான்காம் ஈராண்டுப் புதுப்பிப்பு அறிக்கை 2024 டிசம்பர் 30 அன்று சென்றது. அதன் கணக்கு ஆண்டு 2020. கணக்கு ஆண்டு, அனுப்பும் தேதிக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்ற வரம்புக்குள் அது அடங்குகிறது. ஆனால் 2020 ஊரடங்கு ஆண்டு. அந்த ஆண்டில் உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 7.93 சதவீதம் குறைந்தது என்ற வரி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அது காடுகளும் நிலப் பயன்பாடும் உறிஞ்சியதைக் கழித்த நிகரக் கணக்கு: 2019-இல் 2,647 மில்லியன் டன், 2020-இல் 2,437 மில்லியன் டன். கழிக்காமல் பார்த்தால் 3,132-இலிருந்து 2,959. குறைவு ஏறக்குறைய 5.5 சதவீதம்தான். இரண்டும் சரியான எண்களே. எது எதற்குரியது என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால், பெருந்தொற்றின் தாக்கமும் மரங்களின் உறிஞ்சலும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. இந்த எண்களைத் திரட்ட நான் கேள்விப் பக்கத்தை நம்பாமல், 2019, 2020 கணக்குகள் உள்ள இரண்டு அறிக்கைகளின் பி.டி.எஃப். கோப்புகளையும் திறந்துவைத்துக் கையால் எழுதினேன். இத்தகைய அறிக்கைகளுக்கு நடப்பதை மதிப்பாய்வு என்று கூட அழைப்பதில்லை. தொழில்நுட்பப் பகுப்பாய்வு என்றே பெயர், நாட்டின் இறையாண்மையை மதித்து, தலையிடாமல், தண்டிக்காமல் நடத்துவது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்த மென்மைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. தரவைப் பயன்படுத்துபவருக்கு அதனால் கிடைக்கும் விவரம் குறைவு என்பதையும் மறைக்க முடியாது.

சேவையின் தரம் நாடுகளின் ஒழுங்கைப் பொறுத்தது என்பதற்கு இன்னோர் உதாரணம் போதும். 2025 ஏப்ரல் 15 வந்தபோது அமெரிக்கா தன் கணக்கேட்டை அனுப்பவில்லை. பல பத்தாண்டுகளாகத் தவறாமல் வந்த தொடர் அது. பான் செயலகம் அஞ்சல் பெட்டியைத்தான் வைத்திருக்க முடியும். கடிதத்தை எழுதித்தர முடியாது.

மதிப்பெண் கேட்டால், எக்செல் கோப்புகளின் பக்கத்துக்கும் மதிப்பாய்வு அறிக்கைகளுக்கும் ஐந்துக்கு நாலரை தருவேன். கேள்விப் பக்கத்துக்கு மூன்று. ஒரு நாட்டின் நீண்ட காலப் போக்கை வகுப்பறையில் காட்ட விரும்பும் ஆசிரியருக்குக் கேள்விப் பக்கம் தாராளமாகப் போதும். நாடுகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும் பத்திரிகையாளர், வளரும் நாடு ஏதேனும் பட்டியலில் இருந்தால், அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். மதிப்பாய்வு வேலைக்கே வருபவர் இரண்டாம் வாசலிலிருந்து தொடங்கட்டும். இறக்கும் பொதியை அனுப்பிய ஆண்டின் பெயரில் ஒரு கோப்புறைக்குள் போட்டு, பழையதை அழிக்காமல் வைத்திருக்கட்டும். கேள்விப் பக்கத்தில் ஆண்டுக்கும் வாயுவுக்கும் இருப்பது போல "எந்த ஆண்டு அனுப்பிய கணக்கேடு" என்பதற்கும் ஒரு தேர்வுப் பட்டியல் வைத்தால், நான் குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்கான கோப்புகள் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, தேதியும் நேரமும் பெயரிலேயே பொறிக்கப்பட்டு.